மீண்டும் தொடங்கினால் வினை தீருமா?

2016 மே மாதம் வத்திக்கானில் பாப்பரசர் பிரான்சிஸ் பல நாடுகளைச் சேர்ந்த யூடியூப் படைப்பாளர்கள் சிலரைச் சந்தித்தார். அவர்களுள் ஒருவர், மாட்பாட் என்ற பெயரில் இணையத்தில் புகழ்பெற்ற அமெரிக்கர். பாப்பரசருக்கு அவர் கொடுத்த பரிசு ‘அண்டர்டேல்’ என்ற வீடியோ கேம். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன், 2015 ஜனவரி 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில் கூடியிருந்த பெருந்திரளின் முன் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தவர் இதே பாப்பரசர்தான். பரிசுச் செய்தி இணையத்தில் நெடுநாள் வேடிக்கையாகப் பேசப்பட்டது. 2022 ஜனவரியில் பாப்பரசரின் பொதுச் சந்திப்பொன்றில் சர்க்கஸ் கலைஞர்கள் வித்தை காட்டியபோது பின்னணியில் அந்தக் கேமின் இசையே ஒலித்தது. எதிர்ப்பட்ட அனைவரையும் கொன்றுவிட்டு வரும் ஆட்டக்காரரைக் கடைசியாக ஒருவன் மறித்து நிற்கிறானே, அந்தக் கட்டத்துக்காக எழுதப்பட்ட இசை.

வேடிக்கையாகத் தெரிந்தாலும் பரிசு பொருத்தமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. செய்த வினையைச் செய்யாததாக்க முடியுமா? முடிந்தால், செய்தவர் பழையபடி தூயவர் ஆவாரா? கொட்டாஞ்சேனையில் ஞாயிறு காலையில் சைவப் பிள்ளை அறநெறி வகுப்பிலும், கத்தோலிக்கப் பிள்ளை மறைக்கல்வி வகுப்பிலும், பௌத்தப் பிள்ளை தஹம் பாசலிலும் வெவ்வேறு சொற்களில் படிக்கும் விஷயம் இது. அண்டர்டேல் இதைத் தன் ஆட்ட விதிகளுக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறது. கேள்வி கேட்பதில் அந்தக் கேம் பல பாடநூல்களைவிடக் கெட்டித்தனமானது. தடுமாறுவது பதில் சொல்லவரும் இடத்தில்.

கேமை உருவாக்கியவர் டோபி ஃபொக்ஸ். பெரிய நிறுவனம் எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை. 2013இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 5,000 டொலர் கேட்டார். 2,398 பேர் சேர்ந்து 51,124 டொலர் கொடுத்தார்கள். 2015 செப்டெம்பர் 15இல் கேம் வெளியானபோது அவருக்கு வயது 23. கதை, வசனம், நிரல், இசை எல்லாவற்றிலும் பெரும்பகுதி அவருடைய தனி உழைப்பு. ஓவியங்களில் டெமி சாங் துணைநின்றார். இசைத்தொகுப்பில் மட்டும் 101 துண்டுகள் உண்டு. உருவங்கள் பழைய நிண்டெண்டோ காலத்துக் கட்டம்கட்டமான உருவங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பாவித்த கொம்பியூட்டரிலும் தடங்கலின்றி ஓடும் அளவுக்குச் சிறிய கேம். ஒருமுறை ஆடிமுடிக்க ஒரு நீண்ட விடுமுறை நாள் போதும்.

கதையும் எளிது. முன்னொரு காலத்தில் மனிதருக்கும் பூதங்களுக்கும் போர் நடந்தது. தோற்ற பூதங்கள் மலைக்கடியில் அடைக்கப்பட்டன. அந்த மலையிலிருந்து ஃபிரிஸ்க் என்ற குழந்தை உள்ளே விழுந்துவிடுகிறது. ஆட்டக்காரர் அக்குழந்தையை வெளியே கொண்டுவர வேண்டும். வழியில் பூதங்கள் மறிக்கும்போது திரையில் நான்கு பொத்தான்கள் தோன்றும்: சண்டையிடு, செயல்படு, பொருளைப் பயன்படுத்து, இரக்கம் காட்டு. மற்ற ரோல் பிளேயிங் கேம்களில் பகைவனைக் கொல்வதே முன்னேற்றம். கொன்றால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல், லெவல் கூடினால் உடல்பலம். 1985இல் ரிச்சர்ட் கரியட் வெளியிட்ட ‘உல்டிமா 4’ எட்டு நற்குணங்களை வளர்ப்பதையே ஆட்டத்தின் இலக்காக்கியது உண்மை. ஆனாலும் அங்கேயும் வாளுக்கு வேலை இருந்தது. அண்டர்டேலில் ஓர் உயிரைக்கூடக் கொல்லாமல் ஆட்டத்தை முடிக்கலாம். அப்படி ஆடுகிறவரின் குழந்தை கடைசிவரை முதல் லெவலிலேயே, 20 உயிர்ப்புள்ளிகளோடு மட்டும் நிற்கும். எதிரி வீசுவதையெல்லாம் ஒரு சிறிய இதய வடிவத்தை நகர்த்தித் தப்பிக்க வேண்டும். கொல்லாமைக்கு விலை உண்டு, அதை உடம்புதான் கொடுக்கவேண்டும் என்பதை விரல்நுனியில் உணரவைக்கிறார் ஃபொக்ஸ். இது முதல் பலம்.

இரண்டாவது பலம் இதைவிடப் பெரியது. கேம் ஆடிப் பழகியவர்களுக்கு ‘சேவ்’ என்பது காப்புறுதி. தவறு செய்தால் பழைய சேவுக்குத் திரும்பலாம்; நடந்தது நடக்காததாகிவிடும். அண்டர்டேலின் தொடக்கத்தில் டோரியல் என்ற தாய்போன்ற பூதம் குழந்தையைத் தன் வீட்டிலேயே தங்கச் சொல்லி வழிமறிக்கிறாள். எப்படி இரக்கம் காட்டுவதென்று புரியாமல் அவளைக் கொன்றுவிடுகிறவர்கள் ஏராளம். மனம் பொறுக்காமல் பழைய சேவுக்குத் திரும்பி, இம்முறை அவளைக் காப்பாற்றிவிட்டு வெளியே வருவார்கள். அங்கே ஃபிளவி என்ற பேசும் பூ காத்திருக்கிறது. நீ அவளைக் கொன்றாய், பிறகு வருந்தித் திரும்பி வந்தாய், எனக்குத் தெரியும் என்ற பொருள்படப் பரிகசிக்கிறது. டோரியலுக்கு நினைவில்லை. வீட்டில் இரத்தமில்லை. கொலைக்கு ஒரு தடயமும் இல்லை. ஆனாலும் சாட்சி இருக்கிறது.

இந்த இடத்தில்தான் சைவப் பிள்ளைக்குச் சைவநெறிப் பாடம் நினைவுக்கு வரும். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று பரீட்சைக்காக மனனம் செய்த மூன்று சொற்களும் இதைத்தான் பேசுகின்றன: செய்தவன் மறந்தாலும் செயல் எங்கோ சேமிக்கப்பட்டிருக்கிறது. பிறவி மாறினாலும் சேமிப்பு மாறாது.

கொட்டாஞ்சேனையின் தெருக்கள் இந்த விவாதத்துக்கு ஏற்ற இடம். பொன்னம்பலவாணேசர் கோயில், புனித லூசியா பேராலயம், தீபதுத்தாராமய விகாரை மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. கொஞ்சம் தள்ளிப்போனால் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், அங்கே எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். இந்த அயல் எப்போதும் இணக்கமாக இருந்ததென்று சொல்வது பொய். 1873 பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவ போதகர்களை எதிர்கொண்ட மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த விகாரை தீபதுத்தாராமய. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறன்று அங்கு வந்த பெரஹெராவை முன்னிட்டுப் பௌத்தரும் கத்தோலிக்கரும் கொட்டாஞ்சேனைத் தெருவில் மோதிக்கொண்டார்கள். மறுபுறம், பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதி 1898இலும் 1902இலும் வெளியிட்டார். அடுத்த வீட்டாரின் வேதத்தைத் தன் சித்தாந்தத்தின் வெளிச்சத்தில் படித்துப் பார்க்கும் மரபு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஒரு வீடியோ கேமையும் அப்படிப் படிக்கலாம்.

சைவ சித்தாந்தம் வினையைப் பற்றிச் சொல்லும் தனித்துவமான செய்தி, வினை சடம் என்பது. அதற்கு அறிவில்லை. செய்தவன் யார், எப்போது எவ்வளவு பலன் போய்ச் சேரவேண்டும் என்று தானாகத் தேர்ந்துகொள்ள அதனால் முடியாது. உயிருக்கும் அந்த ஆற்றல் இல்லை. தண்டனையைத் தானே தேடி அணிந்துகொள்பவர் எவர்? ஆகவே வினையைப் பலனோடு கூட்டுவிக்க ஒரு பேரறிவு வேண்டும், அது சிவம் என்பது வாதம். அண்டர்டேலின் உள்ளமைப்பு இதோடு வியப்பூட்டும் அளவு ஒத்துப்போகிறது. கொன்ற எண்ணிக்கை கணினிக்குள் வெறும் எண். அதற்குத் தானாக ஒரு பொருளும் இல்லை. கடைசி மண்டபத்தில் சான்ஸ் என்ற எலும்புக்கூடு ஆட்டக்காரரை நிறுத்தித் தீர்ப்புச் சொல்லும்போதுதான் அந்த எண் வினையாகிறது. இவ்வளவு நேரம் திரையில் பெருமையோடு ஏறிக்கொண்டிருந்த லெவலும் புள்ளியும் பிறரை வருத்தத் துணிந்ததன் கணக்கே என்று அப்போதுதான் தெரியவருகிறது. கணக்கைக் கூட்டுவிப்பவர் ஃபொக்ஸ். சான்ஸ் அவருடைய கருவி.

ஆனால் சித்தாந்தத்தில் பலன் தரப்படுவதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது. உயிரைப் பிடித்திருக்கும் ஆணவமலம் பக்குவப்பட வேண்டும். அதற்காகவே இன்பமும் துன்பமும் ஊட்டப்படுகின்றன. தண்டிப்பதைக்கூட மறக்கருணை என்றே சைவம் சொல்லும். அண்டர்டேலில் இந்தப் பகுதி காணவில்லை. எல்லா உயிர்களையும் தேடித்தேடிக் கொன்று முடித்தவருக்கு அந்த உலகமே அழிந்துபோகிறது. மறுபடி திறந்தால் கறுப்புத் திரை. பத்து நிமிடம்போலக் காத்திருந்தால் ஒரு குரல் பேரம் பேசும்: உன் ஆன்மாவைக் கொடு, உலகத்தை மீட்டுத் தருகிறேன். கொடுத்தவர் அதன்பின் எவ்வளவு அன்போடு ஆடினாலும், ஒருவரையும் கொல்லாமல் உச்ச முடிவை எட்டினாலும், அம்முடிவின் கடைசிக் காட்சி கறைபட்டே வரும். எத்தனை முறை ஆடினாலும் அப்படித்தான். கணினியில் எங்கே அந்தக் கறை எழுதப்பட்டிருக்கிறதென்று தேடிக் கோப்பை அழித்தவர்கள் உண்டு. ஆட்டத்துக்குள் மட்டும் அதற்கு வழியில்லை. அனுபவித்துத் தீர்க்கவும் முடியாத, அருளால் நீங்கவும் முடியாத வினை இது. நரகத்தையே முடிவுள்ளதாக வைத்த இந்தியச் சமயங்களின் கண்ணுக்கு இது விதியாகத் தோன்றாது, வஞ்சமாகத்தான் தோன்றும்.

ஃபிளவியின் கதைக்கு வந்தால் கேம் மறுபடி உயரத்துக்குப் போகிறது. ஆட்டக்காரர் வருவதற்கு முன் சேவ் செய்யும் ஆற்றல் அந்தப் பூவிடம் இருந்தது. இறந்துபோன இளவரசன் ஆன்மா இல்லாமல் பூவாக உயிர்பெற்றதுதான் ஃபிளவி. முதலில் எல்லோருக்கும் நல்லதே செய்தது. எல்லோரையும் நண்பராக்கியது. எல்லாருடைய பதிலும் மனப்பாடமானது. சலிப்பு வந்தது. கொன்றால் என்ன சொல்வார்கள் பார்க்கலாம் என்ற வெறும் ஆவலில் முதல் கொலை நடந்தது. திரும்பத் திரும்ப அதே வாழ்க்கையை வாழக் கிடைத்தால் மனிதன் மேம்படுவான் என்பது நம் ஆசை. அந்த ஆசையைக் கூச்சமில்லாமல் உடைக்கிறது இந்தப் பகுதி.

தமிழ் வாசகருக்கு இங்கே மணிமேகலை நினைவுக்கு வராமல் போகாது. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்குப் பழம்பிறப்புத் தெரிகிறது. இலக்குமி என்ற பெயரோடு இராகுலனின் மனைவியாய் வாழ்ந்தது தெரிகிறது. நயினாதீவை அந்த மணிபல்லவமாகக் கொள்ளும் வழக்கம் இன்றும் ஈழத்தில் உண்டு. முற்பிறவி நினைவு மணிமேகலையைச் சோழ இளவரசன் உதயகுமரன்மீதிருந்த பற்றிலிருந்து விலக்கி, பசித்தவர் பக்கம் அமுதசுரபியோடு அனுப்பியது. அதே நினைவு ஃபிளவியைக் கொலைக்கு அனுப்பியது. வேறுபாடு எங்கே? மணிமேகலைக்கு அறவண அடிகள் இருந்தார், பிறர் பசி கண்ணில் பட்டது. ஃபிளவிக்கு உலகம் முழுவதும் தன் ஆவலைத் தீர்க்கும் காட்சிப்பொருள். நினைவு மட்டும் ஞானமாகாது என்பதை இருபத்துமூன்று வயதுப் படைப்பாளர் ஒரு பூவை வைத்துக் காட்டிவிட்டது சாதாரண விஷயமல்ல.

மூன்றாவது பலம், ஆட்டம் முடிந்த பிறகு வருவது. ஒருவரையும் கொல்லாமல் உச்ச முடிவை அடைந்து, பூதங்களெல்லாம் வெளியுலகுக்கு வந்தபின் கேமை மறுபடி திறந்தால் ஃபிளவி தோன்றுகிறது. இந்த உலகின் மகிழ்ச்சியைக் கெடுக்க இன்னும் ஒருவரால் முடியும், அந்த ஒருவர் நீயே என்கிறது. ரீசெட் செய்யாதே, ஃபிரிஸ்க் தன் வாழ்க்கையை வாழட்டும், விட்டுவிடு என்று கெஞ்சுகிறது. விற்றுப் பிழைக்கும் ஒரு பண்டம் தன்னை இனி ஆடவேண்டாம் என்று கேட்பது அபூர்வம். நல்வினையும் தளைதான், அது பொன்விலங்கு, தீவினை இரும்புவிலங்கு என்று சைவர்கள் சொல்வதுண்டு. இரண்டின் பலனையும் ஒருநிலையாய்ப் பார்க்கும் பக்குவத்தை இருவினையொப்பு என்பார்கள். நல்ல முடிவைத் திரும்பத் திரும்பச் சுவைக்க நினைக்கும் ஆட்டக்காரர் பொன்விலங்கில் கிடக்கிறார். கேம் அதை அவிழ்த்துக்கொள்ளச் சொல்கிறது. கேட்பவர்கள் குறைவு என்பது வேறு கதை.

பலவீனங்களைப் பட்டியலிட்டால் சில மேலோட்டமானவை. புதிர்கள் மிக எளிது. சில இடங்களில் கேலிக்காகவே வைக்கப்பட்டவை. எலும்புக்கூட்டு அண்ணன் தம்பி பெயர்கள் ஆங்கில எழுத்துருக்களை வைத்துச் செய்த பகிடி. சிரிப்பின் பெரும்பகுதி ஆங்கிலச் சிலேடைகளில் தங்கியிருக்கிறது. தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு பாதிதான் எட்டும். எல்லாரையும் கொல்லும் வழியில் பூதங்களைத் தேடி ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி நடக்கவேண்டியிருப்பது களைப்பூட்டும். அது வேண்டுமென்றே செய்யப்பட்டதென்று ஆதரவாளர்கள் வாதிடுவார்கள். இவையெல்லாம் மன்னிக்கத்தக்கவை.

மன்னிக்கக் கடினமானது, இரக்கத்துக்குப் பரிசு வைத்திருப்பது. ஒருவரையும் கொல்லாதவருக்கே அழகான முடிவு, நீளமான கதை, எல்லாருடைய நட்பும் கிடைக்கும். முதல்முறை தெரியாமல் இரங்கியவர் உண்மையாகவே இரங்கியிருக்கலாம். நல்ல முடிவு வேண்டுமென்று இரங்குகிறவர் செய்வது வியாபாரம். பலன்கருதிச் செய்யும் காமிய கன்மத்துக்கும் பலன்கருதாக் கடமைக்கும் கீதை வகுத்த வேறுபாட்டைக் கேம் அறியாது. அதோடு, ஒவ்வொரு பூதத்துக்கும் இரங்கும் முறை ஒரு செய்முறைக் குறிப்பாகவே இருக்கிறது: இதைத் தட்டிக்கொடு, அதைப் புகழ்ந்து பேசு, பெயர் மஞ்சளாகும், விட்டுவிடு. நம் பரமபதப் படத்தில் ஏணியும் பாம்பும் புண்ணிய பாவப் பெயர்களோடு நின்றாலும் காயை நகர்த்துவது தாயக்கட்டை. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடுகிறவரின் குணத்துக்கு அதில் வேலையில்லை. அண்டர்டேலில் தாயக்கட்டை போய்த் தெரிவு வந்துவிட்டது. ஆனாலும் எந்தத் தெரிவுக்கு ஏணி என்பது முன்பே எழுதப்பட்டுவிட்டது.

பௌத்தம் இந்த இடத்தில் கூர்மையான கேள்வி கேட்கும். கன்மம் என்று தான் சொல்வது நோக்கத்தையே என்று புத்தர் கூறியதை அங்குத்தர நிகாயம் பதிவுசெய்கிறது. கேமோ நோக்கத்தைப் பார்க்க முடியாத குருட்டுக் கணக்கன். பொத்தான் தெரியாமல் டோரியலைக் கொன்றவருக்கும் பசித்த கண்ணோடு கொன்றவருக்கும் ஒரே எண். தண்டனையிலும் மன்னிப்பிலும் மனத்துக்கு இடமில்லை. அங்குலிமாலன் கதையை இதோடு ஒப்பிட்டால் போதும். விரல்களை மாலையாக்கிப் போட்ட கொலைகாரன் துறவியாகி அருகனாகிறான். ஆயினும் பிச்சைக்குப் போகும்போது கல்லடி படுகிறான், பாத்திரம் உடைகிறது, தலையில் இரத்தம் வழிகிறது. நீண்டகாலம் நரகத்தில் அனுபவிக்கவேண்டியதை இங்கேயே அனுபவிக்கிறாய், பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். மனம் முற்றாக மாறியது, பலனும் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. இலங்கையில் கர்ப்பிணிப் பெண்களின் சுகப்பிரசவத்துக்காக ஓதப்படுவது அங்குலிமால பிரித். கொலைகாரனின் பெயர் பிள்ளைப்பேற்றுக்குக் காவலாக மாறிய பண்பாடு இது. அண்டர்டேலில் ஓர் அங்குலிமாலனுக்கு இடமில்லை. கொல்லும் வழியில் பாதி தூரம் போனவர் பப்பைரஸ் என்ற அப்பாவி நீட்டும் இரக்கத்தை ஏற்று அந்த வழியிலிருந்து விலகலாம். அது அருமையான காட்சி. ஆனால் அந்த ஆட்டத்தில் உச்ச முடிவு அவருக்கு மூடியதுதான். திருந்தியவனுக்கென்று ஒரு கதையை ஃபொக்ஸ் எழுதவில்லை. மறுபடி தொடங்கி, திருந்தத் தேவையே இல்லாதவனாய் வா என்கிறது கேம்.

கத்தோலிக்கப் பிள்ளையின் மறைக்கல்வி இன்னொரு நுட்பத்தைக் கொண்டுவரும். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்படுகிறது. ஆனாலும் அதன் தற்காலிகத் தண்டனை மிஞ்சியிருக்கலாம், அதைத் தவத்தாலோ உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர்க்கவேண்டும் என்பது திருச்சபையின் போதனை. மன்னிப்பும் விளைவும் இரண்டு தனிக் கணக்குகள். அண்டர்டேலில் ஒன்றே ஒன்றுதான்: துடைத்துவிடலாம் அல்லது துடைக்கவே முடியாது.

கொழும்புக்கு இந்த வேறுபாடு புத்தக விவகாரமல்ல. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் திருப்பலி நேரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்த ஆண்டு ஈஸ்டர் திருப்பலியில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகக் கூறினார். அதே கர்தினால்தான் அதன்பின் ஆண்டுதோறும் தாக்குதலின் பின்னணியை வெளிப்படுத்துங்கள், நீதி கொடுங்கள் என்று அரசாங்கங்களை விடாமல் கேட்டார். மன்னித்தவர் ஏன் இன்னும் கேட்கிறார் என்று வியந்தவர்களுக்கு மேற்சொன்ன இரண்டு கணக்குகளே பதில். 1983 ஜூலையில் வெள்ளவத்தை காலி வீதியில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. உயிர்தப்பியவர்கள் முகாம்களிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள். 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அரசின் சார்பில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். கேட்டவர் எரித்தவர் அல்லர். இறந்தவர்களோ பதில் சொல்ல இல்லை.

யாருக்கு மன்னிக்கும் உரிமை என்ற இந்தக் கேள்வியில் அண்டர்டேல் மிகவும் மெலிந்துபோகிறது. பூதங்களின் அரசன் அஸ்கோர், ஃபிரிஸ்குக்கு முன் விழுந்த மனிதர் அறுவரின் ஆன்மாக்களைச் சேர்த்து வைத்திருக்கிறான். அந்தச் சாவுகள் எந்த ரீசெட்டாலும் திரும்பாதவை. அறுவருக்கும் கேமில் பெயர்கூட இல்லை. ஒரு பழைய ரிப்பன், ஒரு நோட்டுப் புத்தகம் என்று விட்டுப்போன பொருட்கள் மட்டும் ஆங்காங்கே கிடைக்கும். ஃபிரிஸ்க் அஸ்கோருக்கு இரங்குகிறது, இறுதியில் அவன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சாதுவாகிறான், ஆட்டக்காரருக்கு மனம் குளிர்கிறது. அறுவரின் சார்பில் அந்த மன்னிப்பை வழங்க ஃபிரிஸ்குக்கு அதிகாரம் கொடுத்தது யார்? செயலுக்கு முன் வரும் இரக்கத்தைக் கேம் நன்றாக அறியும். செயலுக்குப் பின் வரவேண்டிய மன்னிப்பு, ஈடுசெய்தல், உண்மையைச் சொல்லுதல் ஆகியவற்றைப் பற்றி அதனிடம் சொல்ல அதிகமில்லை.

இந்தக் குறையை வேறொரு திசையில் தொட்ட சுயாதீன ரோல் பிளேயிங் கேம் ஒன்று இந்தியாவிலிருந்தே வந்தது. பைரோடாக்டில் என்ற சிறு குழு 2014இல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’ பண்டைய இந்தியாவை ஒத்த கற்பனை நகரமான பீம்ராவில், பஞ்ச காலத்தில் நடக்கிறது. ஒரே நாயகன் இல்லை. வெவ்வேறு குலத்தையும் அதிகாரத்தையும் சேர்ந்த பலராக மாறிமாறி ஆடவேண்டும். சண்டை குறைவு, பேச்சே பிரதானம். எதிரே நிற்பவரின் நட்பு, மதிப்பு, அச்சம் மூன்றும் தனித்தனியே ஏறி இறங்கும். ஏழைப்பெண் சொல்லும் அதே சொல்லை அதிகாரி சொன்னால் விளைவு வேறு. வினைக்கு இடமும் நிலையும் உண்டு, எல்லோருக்கும் ஒரே நான்கு பொத்தான்கள் கிடைப்பதில்லை என்ற உண்மையை அண்டர்டேலைவிட இது தெளிவாகப் பார்த்தது. ஆனால் கேம் குறுகியது. பல தெரிவுகளின் விளைவு சொல்லால் அறிவிக்கப்படுகிறதே தவிர ஆட்டத்தில் உறைக்கவில்லை. அண்டர்டேலின் இசையும் சிரிப்பும் மனத்தில் போடும் பிடி இதற்கு வாய்க்கவில்லை. சரியான கேள்வி கையில் இருந்தும் கலை போதாமல் போவதற்கு இது ஒரு உதாரணம்.

ஃபொக்ஸ் தன் பலவீனத்தை உணர்ந்தாரோ என்று எண்ணவைப்பது அவருடைய அடுத்த படைப்பான ‘டெல்டரூன்’. 2018 அக்டோபர் 31இல் வெளிவந்த முதல் அத்தியாயம், ஆட்டக்காரரை ஓர் உருவத்தை ஆசையோடு செதுக்கச் சொல்லிவிட்டு, உடனே அதைத் தூக்கி எறிந்து, இந்த உலகில் தான் யாரென்று தேர்ந்தெடுக்க எவராலும் முடியாது என்கிறது. அண்டர்டேல் தெரிவின் பக்கம் நின்றது. இது ஊழின் பக்கம் சாய்கிறது. மணிமேகலை வஞ்சியில் ஆசீவகரிடம் கேட்டுவிட்டு ஒப்பாமல் விட்டுப்போன பக்கம் அது. 2021 செப்டெம்பரில் வந்த இரண்டாம் அத்தியாயத்தில் ஒளித்துவைக்கப்பட்ட ஒரு வழி இருக்கிறது. அதில் ஆட்டக்காரர் தன் கையால் எதையும் செய்யத் தேவையில்லை. நோயெல் என்ற பயந்த சுபாவமுள்ள பெண்ணை மறுபடி மறுபடி ஏவி எதிரிகளை உறையவைக்கலாம், கடைசியில் அவளுடைய வகுப்புத் தோழனையும். கொல்வதும், கொல்விப்பதும், கொலைக்கு உடன்படுவதும் ஒன்றே என்று பழைய அறநூல்கள் வகுத்த இரண்டாம் படி அது. மூன்றாம் படியை அண்டர்டேலே தொட்டிருந்தது: தாமே கொல்லத் துணியாமல் பிறர் கொல்வதை வேடிக்கை பார்ப்பவர்களை ஃபிளவி ஓரிடத்தில் இகழ்கிறது, யூடியூபில் அந்த வழியைப் பார்த்து ரசித்த எத்தனையோ பேருக்கு அது சுருக்கென்று தைத்தது.

நோயெல் விஷயத்தில் ரீசெட் ஒரு பதிலாக வைக்கப்படவில்லை. உறைந்துபோன தோழன் பிறகு கண்விழிக்கவில்லை, செய்தது கனவோ நிஜமோ என்று அவள் குழம்புகிறாள், ஏவியவரின் குரல் அவள் காதுக்குள் இருக்கிறது. 2025 ஜூனில் மூன்றாம், நான்காம் அத்தியாயங்கள் வெளியாகின. மொத்தம் ஏழு என்பது திட்டம். முதன்முறையாக ஃபொக்ஸின் உலகில், தீங்கு நடந்துவிட்டது, அதைச் செய்தவளும் செய்வித்தவரும் அதோடு வாழவேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது. அவளுக்கு அங்குலிமாலனின் வழி கிடைக்குமா, பாவசங்கீர்த்தனத்தின் வழியா, மறக்கருணையா, அல்லது மறுபடியும் அந்தக் கறுப்புத் திரைதானா என்பதை மீதி அத்தியாயங்களை எழுதுகிறவரே தீர்மானிக்கவேண்டும்.